எண்ணெய்ப் பணமும் பள்ளிக்கூடமும்: தமிழ்நாட்டுக்குச் சம்பந்தமே இல்லையா?

வாசகர் ஒருவரின் கருத்து: "அமெரிக்காவில் ஒக்லஹோமா, டெக்சஸ் போன்ற மாநிலங்களில் எண்ணெய் நிறுவனங்கள் வைத்ததுதான் சட்டம். பள்ளிப் பாடப்புத்தகத்தைக்கூட அவர்கள்தான் அச்சடித்துத் தருகிறார்கள். நல்லவேளை, தமிழ்நாட்டு அரசியலுக்கும் கல்விக்கும் எண்ணெய்க்கும் சம்பந்தமே இல்லை. நம்மிடம் அந்த அளவுக்கு எண்ணெயும் இல்லை."

ஜூலை 6, 2025

கடைசி இரண்டு வரிகளை ஏற்க முடியவில்லை. நான் வட சென்னையில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் நடத்துகிறேன். பிறந்து வளர்ந்தது திருவாரூர்ப் பக்கம். எண்ணெய் எடுக்கிற ஊரையும் பார்த்திருக்கிறேன், சுத்திகரிக்கிற ஊரிலும் பல வருடமாக இருக்கிறேன்.

அளவு குறைவு என்பது உண்மைதான். ஆனால் அரசியலில் அதன் கனம் குறைவில்லை. நிலக்கரிப் படுகையிலிருந்து எரிவாயு எடுக்கும் மன்னார்குடி மீத்தேன் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2010-ல் மத்திய அரசு ஒப்பந்தம் போட்டது, 2011 ஜனவரியில் அன்றைய திமுக அரசு புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. 2013-ல் ஜெயலலிதா அதை நிறுத்திவைத்து நிபுணர் குழு அமைத்தார். அந்த வருடக் கடைசியில், டிசம்பர் 30 அன்று, மீத்தேனுக்கு எதிராக ஊர் ஊராகப் பேசிக்கொண்டிருந்த இயற்கை விவசாயி நம்மாழ்வார் பட்டுக்கோட்டை அருகே பிச்சினிக்காட்டில் காலமானார். 2017-ல் ஹைட்ரோகார்பன் திட்டத்துக்கு எதிராக நெடுவாசல் போராட்டம், அதே வருடம் கதிராமங்கலம் போராட்டம். 2020 பிப்ரவரியில் எடப்பாடி பழனிசாமி அரசு காவிரி டெல்டாவுக்குப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் கொண்டுவந்தது. புதிய எண்ணெய், எரிவாயுக் கிணறுகளுக்கு அங்கே தடை, ஏற்கெனவே ஓடுகிறவற்றுக்குத் தடை இல்லை. பத்து வருடத்தில் இரண்டு கழகங்களும் நிலை மாற்றிக்கொண்ட விஷயம் இது. இதைப் போய்ச் சம்பந்தமில்லை என்கிறீர்கள்.

கல்விக்கு வருகிறேன். நாளை எழுதுகிறேன், விடைத்தாள் கட்டு காத்திருக்கிறது.

ஜூலை 7

ஒக்லஹோமாவைப் பற்றிச் சொன்னதில் பாதி சரி. பாடப்புத்தகத்தை நிறுவனங்கள் அச்சடிப்பதில்லை. அங்கே 1993-ல் மாநில சட்டமன்றமே ஒரு எரிசக்தி வாரியத்தை உருவாக்கியது. எண்ணெய், எரிவாயு விற்பனைத் தொகையில் 0.1 சதவீதத்தை உற்பத்தியாளர்கள் தாங்களாகவே அதற்குத் தருகிறார்கள். அந்த வாரியம் பள்ளிகளுக்கு இலவசமாகப் பாடத் தொகுப்பு, சோதனைப் பொருள்கள், ஆசிரியர் பயிற்சி எல்லாம் கொடுக்கிறது. சின்னப் பிள்ளைகளுக்கு பெட்ரோ பீட் என்று ஒரு கார்ட்டூன் பையன். பெட்ரோலியம் இல்லாத உலகத்தில் விழித்தால் பல் துலக்கவும் வழியில்லை, பள்ளிக்குப் போக வண்டியும் இல்லை என்று அவன் கதை போகும்.

இதில் பொய் எதுவும் இல்லை. பல் துலக்கும் பிரஷ் பிளாஸ்டிக்தான், பிளாஸ்டிக் எண்ணெயிலிருந்துதான் வருகிறது. பன்னிரண்டாம் வகுப்பில் பலபடிகள் நடத்தும்போது நானும் அதைத்தான் சொல்கிறேன். அந்தப் பாடத்தில் எது விடுபட்டிருக்கிறது என்பதுதான் என் கவலை.

ஜூலை 7, இரவு

ஒன்றைச் சேர்க்க மறந்துவிட்டேன், அதுதான் முக்கியம். ஒக்லஹோமாவில் எண்ணெய், எரிவாயு எடுக்கும்போது கட்டும் உற்பத்தி வரி காலகாலமாக 7 சதவீதம். 2014-ல் சட்டமன்றம் புதுக் கிணறுகளுக்கு முதல் 3 வருடங்களுக்கு வெறும் 2 சதவீதம் என்று முடிவு செய்தது. அதே காலத்தில் பள்ளிகளுக்குக் காசு இல்லை. பல கல்வி மாவட்டங்கள் வாரத்தில் நான்கு நாள் மட்டும் பள்ளி நடத்தின. வரியை ஏற்றவும் எளிதில் முடியாது. 1992-ல் மக்கள் வாக்களித்து நிறைவேற்றிய விதிப்படி, இரு அவைகளிலும் நான்கில் மூன்று பங்கு ஆதரவு வேண்டும்.

2018-ல் ஆசிரியர்கள் வேலைநிறுத்தம் என்று அறிவித்த பிறகுதான் அந்த 2 சதவீதம் 5 ஆனது, சராசரியாக 6,100 டாலர் சம்பள உயர்வும் வந்தது. அப்படியும் ஏப்ரல் 2 முதல் 12 வரை ஆசிரியர்கள் தலைநகரை நிரப்பினார்கள், பள்ளிக்கான பணம் போதாது என்று. அந்தச் சட்டமன்ற வளாகத்துப் பூப்பாத்தியிலேயே பழைய எண்ணெய்க் கிணற்றின் கோபுரம் ஒன்று நிற்கிறது. பெட்டூனியாச் செடி இருந்த இடத்தில் தோண்டியதால் பெட்டூனியா எண் ஒன்று என்று அதற்குப் பெயர்.

வரியாக வர வேண்டிய பெருந்தொகை குறைந்தது, பரிசாக வந்த சிறுதொகை பெயர்ப்பலகையோடு வந்தது. ஒக்லஹோமாவிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இதைத்தான். இந்தப் பக்கத்தில் நான் எழுதப்போவது எல்லாம் இதைச் சுற்றித்தான்.

ஜூலை 9

"நம் ஊரில் பெட்ரோ பீட் எங்கே?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

இருக்கிறான், வேறு பெயரில். பெட்ரோலிய அமைச்சகத்தின் கீழ் பெட்ரோலியப் பாதுகாப்பு ஆராய்ச்சிக் கழகம் என்று ஓர் அமைப்பு உண்டு. வருடா வருடம் பள்ளிகளில் கட்டுரை, ஓவியம், வினாடி வினா நடத்துவார்கள். சக்ஷம் என்ற பெயரில் எண்ணெய் நிறுவனங்கள் எல்லாம் சேர்ந்து கொண்டாடுகிற நிகழ்ச்சியும் உண்டு. எங்கள் பிள்ளைகள் நிறைய வரைந்திருக்கிறார்கள். சிக்னலில் வண்டியை அணை, டயரில் காற்றைச் சரிபார், குக்கரில் சமை, சைக்கிளில் போ. பரிசும் வாங்கியிருக்கிறார்கள்.

நல்ல விஷயம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் வரைகிற பிள்ளை எண்ணூரில் இருக்கிறது. அதன் அப்பாவிடம் வண்டியே கிடையாது. வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் இரவு முழுக்கப் புகைபோக்கி நெருப்பு தெரியும். அந்தப் பிள்ளையிடம் போய், எரிபொருள் வீணாவது உன் கையில்தான் இருக்கிறது என்று சொல்லிக்கொடுக்கிறோம். அந்த நெருப்பில் எரிவது என்ன, ஏன் எரிக்கிறார்கள், எப்போது அதிகமாக எரியும் என்று ஒரு கட்டுரைப் போட்டி வைத்தால் என் மாணவர்கள் பிய்த்து உதறுவார்கள். தலைப்பு அப்படி வந்ததே இல்லை.

ஜூலை 13

எங்கள் பள்ளியில் நடந்ததை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். நிறுவனத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. எங்களைச் சுற்றி ஏராளமான தொழிற்சாலைகள், எது என்று தேட வேண்டாம்.

சில வருடங்களுக்கு முன் ஒரு நிறுவனம் சமூகப் பொறுப்பு நிதியில் இரண்டு ஸ்மார்ட் போர்டு, குடிநீர் சுத்திகரிப்பு இயந்திரம், கழிப்பறைக் கட்டடம் கொடுத்தது. கழிப்பறை வந்ததில் பெண் பிள்ளைகள் பட்ட நிம்மதியை நேரில் பார்த்தவன் நான். அதை யாராவது கொச்சையாகப் பேசினால் எனக்குக் கோபம் வரும்.

2023 டிசம்பர் உங்களுக்கு நினைவிருக்கும். மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய் அடித்துக்கொண்டு வந்து எண்ணூர்க் கழிமுகத்தில் படிந்தது. மீனவர்கள் படகில் நின்றுகொண்டு வாளியிலும் மக்கிலும் எண்ணெயை அள்ளினார்கள். என் பதினொன்றாம் வகுப்புப் பையன்கள் இரண்டு பேரின் வீட்டிலும் வலை, படகு எல்லாம் போய்விட்டது. அடுத்து வந்த அறிவியல் கண்காட்சிக்கு அவர்கள் கொசஸ்தலை ஆற்றின் தண்ணீரைக் கண்ணாடிப் புட்டியில் கொண்டுவந்தார்கள். மேலே எண்ணெய்ப் படலம், கீழே கருத்த சேறு. பிரிபுனலில் பிரித்துக் காட்டி, அடர்த்தி வேறுபாட்டை விளக்கி, அலையாத்திச் செடியின் மூச்சுவேரை எண்ணெய் எப்படி அடைக்கிறது என்று வரைபடமும் வைத்திருந்தார்கள். அவ்வளவு தெளிவான வேலையை நான் பள்ளி அளவில் பார்த்ததில்லை.

கண்காட்சியைத் திறந்துவைக்க வந்தவர் அந்த நிறுவனத்தின் அதிகாரி. அவர் வருவதற்கு அரை மணி முன்னால் அந்த மேசையைப் பின்கட்டு அறைக்கு மாற்றிவிட்டார்கள். நான் வேண்டாம் என்றேன். "சார், அடுத்த வருஷம் லேப் தரேன்னு சொல்லியிருக்காங்க" என்று பதில் வந்தது. நிறுவனத்திலிருந்து யாரும் அப்படி எடுக்கச் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்து, பார்த்திருந்தால் அந்த அதிகாரி பாராட்டிவிட்டுக்கூடப் போயிருப்பார். யாரும் கேட்காமலேயே நடந்தது என்பதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

அந்தப் பையன்களில் ஒருவன் என்னிடம் கேட்டான்: "நாங்க சொன்னதுல தப்பு இருந்துச்சா சார்?" இல்லை என்றேன். அப்புறம் ஏன் என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

ஜூலை 14

நிறைய பேர் பள்ளியின் பெயர் கேட்டு எழுதுகிறீர்கள். சொல்ல மாட்டேன். அந்தப் பையன்கள் இன்னும் இந்தப் பகுதியில்தான் இருக்கிறார்கள், அவர்கள் உறவினர்கள் ஒப்பந்த வேலைக்குப் போகிறார்கள்.

ஜூலை 19

மணலி நண்பர் நியாயமான மறுப்பு எழுதியிருக்கிறார். அரசு பணம் தரவில்லை, நிறுவனம் தருகிறது, வாங்கிக்கொள்ளாமல் கொள்கை பேசினால் பிள்ளைகளுக்கு யார் கழிப்பறை கட்டுவது என்கிறார். மணலியிலேயே சிபிசிஎல் சுத்திகரிப்பு நிறுவனத்தின் அறக்கட்டளை நடத்தும் பாலிடெக்னிக்கில் படித்து மேலே வந்தவர்களையும் சுட்டுகிறார்.

நான் மறுக்கவில்லை. இந்தப் பகுதியின் சோறு பெரிய அளவுக்கு அந்தத் தொழிற்சாலைகளிலிருந்துதான் வருகிறது. 1965-ல் மத்திய அரசும் அமெரிக்காவின் அமோக்கோவும் ஈரானின் தேசிய எண்ணெய் நிறுவனமும் சேர்ந்து மெட்ராஸ் ரிஃபைனரீஸைத் தொடங்கின, 1969-ல் அது ஓட ஆரம்பித்தது. இன்று சிபிசிஎல் என்ற பெயரில் வருடத்துக்கு 1.05 கோடி டன் கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும் திறன் அதற்கு இருக்கிறது. பராமரிப்புக்காக ஆலையை நிறுத்தும் ஷட்டவுன் நாள்களில் ஃபிட்டர், வெல்டர், ரிக்கர் என்று தெருவே வேலைக்குப் போகும். கட்டணம் கட்ட முடியாமல் இருந்த பெற்றோர் ஷட்டவுன் முடிந்து வந்து கட்டியதும் உண்டு. என் மாணவி ஒருத்தி கிண்டி ஏ.சி. டெக்கில் பெட்ரோலியச் சுத்திகரிப்புப் படிக்கிறாள். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு 2021-ல் பொறியியலுக்கும் வந்ததால் கிடைத்த இடம். அவள் நாளை அதே சுத்திகரிப்பு ஆலையில் பொறியாளராக உட்கார்ந்தால் இந்தத் தெருவே பட்டாசு வெடிக்கும், நானும்தான்.

அதனால் தொழிற்சாலை வேண்டுமா வேண்டாமா என்ற பேச்சுக்கு நான் வரவில்லை. பள்ளிக்கு வரும் பணம் எந்த வழியாக வருகிறது என்பதில்தான் எனக்குத் தகராறு.

ஜூலை 20

சமூகப் பொறுப்பு நிதியின் கணக்கைச் சுருக்கமாகச் சொல்கிறேன், பலருக்கு அது தர்மம் என்ற எண்ணம் இருக்கிறது. 2013 கம்பெனிகள் சட்டம் 135-ஆம் பிரிவின்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் பெரிய நிறுவனங்கள் முந்தைய 3 வருடச் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் செலவிட வேண்டும். சட்டக் கடமை. உள்ளூருக்கு முன்னுரிமை என்றும் சட்டம் சொல்கிறது. ஆனால் எங்கே, எதற்கு என்று முடிவெடுப்பது நிறுவனத்தின் இயக்குநர் குழு.

லாபம் இருந்தால்தான் இந்த 2 சதவீதம். சுத்திகரிப்புத் தொழிலில் லாபம் கச்சா விலையோடு சேர்ந்து குதிக்கும். சிபிசிஎல் 2019-20-ல் 2,000 கோடிக்கு மேல் நஷ்டம் காட்டியது, 2022-23-ல் 3,500 கோடிக்கு மேல் லாபம். பள்ளிக்கு ஆசிரியர் வேண்டும், கூரை ஒழுகாமல் இருக்க வேண்டும், அதுவும் ஒவ்வொரு வருடமும் வேண்டும். சிங்கப்பூர்ச் சந்தையில் டீசல் என்ன விலைக்குப் போகிறது என்பதைப் பொறுத்து ஒரு பள்ளியின் கழிப்பறை அமைவது சரியா?

அப்புறம், முடிவெடுக்கும் கை எங்கே இருக்கிறது என்பதற்கு ஒரு சான்று. 2016-17-ல் ஓஎன்ஜிசி, இந்தியன் ஆயில், பாரத் பெட்ரோலியம், இந்துஸ்தான் பெட்ரோலியம், ஆயில் இந்தியா ஐந்தும் சேர்ந்து தங்கள் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து 146.83 கோடி ரூபாயைக் குஜராத்தில் படேல் சிலைக்குக் கொடுத்தன. பாரம்பரியப் பாதுகாப்பு என்ற தலைப்பில். அது அந்தத் தலைப்பில் அடங்காது என்று தணிக்கைத் துறையே 2018-ல் எழுதியது. எங்கள் டெல்டாவில் நரிமணத்திலும் அடியக்கமங்கலத்திலும் எண்ணெய் எடுக்கும் ஓஎன்ஜிசியும் அந்த ஐந்தில் ஒன்று.

2020-ல் கொரோனா நேரத்திலும் அதுதான். பிரதமர் நிதிக்குக் கொடுத்தால் சமூகப் பொறுப்புக் கணக்கில் வரும், முதலமைச்சர் நிவாரண நிதிக்குக் கொடுத்தால் வராது என்று மத்திய அரசு விளக்கம் வெளியிட்டது. மாநில அரசியலில் எண்ணெய்ப் பணத்தின் இடம் எது என்று கேட்டால் இதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

ஜூலை 20, பிற்பகல்

நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி திட்டம் இதைச் சரிசெய்யவில்லையா என்று கேள்வி. 2022 டிசம்பரில் தொடங்கியது, நிறுவனங்களின் பணம் அரசு வழியாகப் பள்ளிக்கு வருகிறது. நிறுவனம் நேராகப் பள்ளிக்குள் வருவதைவிட மேல். ஆனால் தருவதும் தராததும் இன்னும் அவர்கள் விருப்பம்தான்.

ஜூலை 27

பெட்ரோல் வரி பற்றித் தனியாக எழுதச் சொன்னார்கள். எழுதுகிறேன், ஏனென்றால் நம் மாநிலத்தில் எண்ணெயும் பள்ளியும் உண்மையில் சந்திக்கும் இடம் பெட்ரோல் பங்க்தான்.

பெட்ரோலும் டீசலும் ஜிஎஸ்டிக்கு வெளியே இருக்கின்றன. எந்தக் கட்சி ஆண்டாலும் மாநிலங்கள் அதை விட்டுக்கொடுக்காது, கையில் மிச்சமிருக்கிற பெரிய வரிகளில் ஒன்று அது. தமிழ்நாட்டில் பெட்ரோலுக்கு 13 சதவீதமும் அதன்மேல் லிட்டருக்கு 11 ரூபாய் 52 காசும் வாட். 2021 ஆகஸ்டில் பழனிவேல் தியாகராஜன் லிட்டருக்கு 3 ரூபாய் குறைத்தபோது வருடத்துக்கு 1,160 கோடி இழப்பு என்று சட்டமன்றத்தில் சொன்னார். 3 ரூபாய்க்கே அவ்வளவு.

மத்திய அரசின் பங்கைப் பாருங்கள். 2025 ஜூலை நிலவரப்படி பெட்ரோல் லிட்டருக்குக் கலால் 21 ரூபாய் 90 காசு. அதில் மாநிலங்களோடு பகிர்ந்துகொள்ள வேண்டிய அடிப்படைக் கலால் வெறும் 1 ரூபாய் 40 காசு. மீதி எல்லாம் செஸ், கூடுதல் தீர்வை. பகிர வேண்டியதில்லை. 1 ரூபாய் 40 காசில் 41 சதவீதம் மாநிலங்களுக்கு, அதாவது 57 காசு. அதில் தமிழ்நாட்டின் பங்கு, 2025-26 வரையிலான கணக்கில், 4.079 சதவீதம். ஒரு லிட்டருக்கு இரண்டு காசும் சொச்சமும். மத்திய அரசுத் திட்டங்கள் வழியாக வேறு பணம் வருகிறது என்று சொல்வீர்கள். கல்வியில் அப்படி வர வேண்டிய ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டப் பணம் 2,152 கோடி, புதிய கல்விக் கொள்கைப்படி நடக்கும் பிஎம் ஸ்ரீ பள்ளிகளுக்கு மாநில அரசு கையெழுத்துப் போடவில்லை என்று 2024-25-ல் நிறுத்தப்பட்டது.

இதை வகுப்பில் பலகையில் போட்டுக் காட்டினேன், சதவீதக் கணக்காக. பின்வரிசைப் பையன் ஒருவன், "சார், எங்க அப்பா ஆட்டோதான் நம்ம ஸ்கூலை நடத்துது" என்றான். வகுப்பே சிரித்தது. கணக்குப்படி அவன் சொன்னது சரி. ஒக்லஹோமாவில் கிணறு வைத்திருப்பவர் கட்டும் வரியைப் பற்றி அடிதடி. இங்கே கட்டுவது ஆட்டோக்காரர்.

ஆகஸ்ட் 2

கிணற்றுக்குச் சொந்தமான பணம் எங்கே போகிறது? என் ஊர்க்காரர்கள் இதைத்தான் கேட்க வேண்டும்.

எண்ணெய் வயல்களை ஒழுங்குபடுத்துவது அரசியல் சாசனப்படி மத்தியப் பட்டியல். ஆனால் நிலத்தில் தோண்ட உரிமம் தருவது மாநில அரசு, மத்திய அரசின் ஒப்புதலோடு. அதனால்தான் ஒவ்வொரு கிணறும் மாநில அரசியல் ஆகிறது. எடுக்கிற எண்ணெய்க்காக நிறுவனம் அரசுக்குக் கட்டும் பங்குதான் ராயல்டி. நிலத்தில் எடுப்பதன் ராயல்டி மாநிலத்துக்கு, கடலில் எடுப்பதன் ராயல்டி மத்திய அரசுக்கு. எரிவாயுவுக்கு 10 சதவீதம், கச்சா எண்ணெய்க்கு ஒப்பந்தத்தின் காலத்தைப் பொறுத்துப் பன்னிரண்டரையிலிருந்து 20 வரை.

சரி, மாநிலத்துக்கு வருகிறதே? வருகிறது, பொதுக் கஜானாவுக்கு. எண்ணெய் எடுக்கும் கமலாபுரத்துப் பள்ளிக்கு அதில் இவ்வளவு என்று எந்தச் சட்டத்திலும் இல்லை.

நெய்வேலியைப் பாருங்கள். 2015-ல் கனிமச் சட்டத்தைத் திருத்தி மாவட்டக் கனிம அறக்கட்டளை என்று ஒன்று கொண்டுவந்தார்கள். சுரங்க நிறுவனம் ராயல்டி போக அதில் 10 முதல் 30 சதவீதம் வரை கூடுதலாக அந்த மாவட்ட நிதிக்குக் கட்ட வேண்டும். அதில் பெரும்பங்கு, முதலில் 60 சதவீதம், இப்போது 70, குடிநீர், சுகாதாரம், கல்வி, சுற்றுச்சூழல் போன்ற முன்னுரிமைகளுக்குப் போக வேண்டும். பழுப்பு நிலக்கரி எடுக்கும் கடலூர் மாவட்டத்துக்கு இந்த உரிமை உண்டு. அதற்குத் தெற்கே எண்ணெய் எடுக்கும் நாகை, திருவாரூருக்குக் கிடையாது. எண்ணெய்க்குச் சட்டம் வேறு, 1948-ல் வந்த எண்ணெய் வயல்கள் சட்டம். 2025 மார்ச்சில் அதைத் திருத்தினார்கள். ஷேல் என்னும் பாறை எரிவாயு, மீத்தேன் எல்லாவற்றையும் உள்ளே கொண்டுவந்தார்கள், நிறுவனங்களுக்கு நீண்டகால உறுதி கொடுத்தார்கள். மாவட்டத்துக்கு ஒரு பைசா நிதியைப் பற்றிப் பேச்சே இல்லை. டெல்டாவின் நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் நாம் கேட்க வேண்டிய கேள்வி இது.

கரி எடுத்தால் ஊருக்குப் பங்கு, எண்ணெய் எடுத்தால் ஊருக்கு ஸ்மார்ட் போர்டு. இதற்கு என்ன நியாயம் என்று நான் எவ்வளவோ யோசித்தும் கிடைக்கவில்லை.

ஆகஸ்ட் 3

ஹூஸ்டனிலிருந்து ஒருவர்: உரிமையாக வந்தாலும் அடிமைத்தனம் வரும், டெக்சஸைப் பாருங்கள் என்கிறார். இதை நேற்று முழுக்க யோசித்தேன்.

டெக்சஸில் 1876 அரசியல் சாசனம் பல்கலைக்கழகத்துக்கென்று நிலம் ஒதுக்கியது. மேற்குப் பக்கத்து வறண்ட மேய்ச்சல் நிலம், யாரும் பெரிதாக நினைக்கவில்லை. 1923-ல் அதில் சாந்தா ரீட்டா முதல் கிணற்றில் எண்ணெய் பீறிட்டது. இன்று சுமார் 21 லட்சம் ஏக்கர் நிலத்தின் வருமானம் ஒரு நிரந்தர நிதிக்குப் போகிறது. அதன் பலனில் மூன்றில் இரண்டு பங்கு டெக்சஸ் பல்கலைக்கழகத் தொகுப்புக்கு, ஒரு பங்கு டெக்சஸ் ஏ அண்ட் எம் என்ற இன்னொரு பல்கலைக்கழகத் தொகுப்புக்கு. அந்தப் பழைய கிணற்றின் இயந்திரத்தை ஆஸ்டின் வளாகத்தில் நிறுத்திவைத்திருக்கிறார்கள்.

எண்ணெய் நின்றால் தன் வருமானமும் நின்றுவிடும் என்று தெரிந்த பல்கலைக்கழகம் எண்ணெயைப் பற்றி எவ்வளவு தைரியமாகப் பேசும்? இந்தக் கேள்வி நியாயம். நான் சொல்லும் மாவட்ட நிதியிலும் அதே ஆபத்து இருக்கிறது. கிணறு வேண்டாம் என்று போராடும் ஊரில், கிணற்றிலிருந்து சம்பளம் வாங்கும் பள்ளி என்ன செய்யும்? அதனால் ஒன்றைத் திருத்திச் சொல்கிறேன்: சம்பளம், கூரை, கழிப்பறை இவை பொது பட்ஜெட்டிலிருந்துதான் வர வேண்டும். கிணற்றுப் பணம் கிணற்றால் ஆன பாதிப்புக்கும், நிலம் இழந்த வீட்டுப் பிள்ளைகளின் உயர்கல்விக்கும் மட்டும் போகட்டும். அப்போது கிணறு மூடினாலும் பள்ளி மூடாது.

ஆனாலும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. டெக்சஸ் பல்கலைக்கழகம் யாருக்கும் நன்றி சொல்ல வேண்டியதில்லை, சாசனத்தில் எழுதியிருக்கிறது. எங்கள் பள்ளி மேசையை மறைத்தது.

ஆகஸ்ட் 10

அரசியல் பேசினால் மாணவர்களுக்கு என்ன ஆகும் என்று கேட்ட இளைஞருக்கு: 2017 ஜூலையில் சேலத்தில் ஹைட்ரோகார்பன் திட்டத்துக்கு எதிராகத் துண்டறிக்கை கொடுத்த பல்கலைக்கழக மாணவி ஒருவர் கைதாகி, குண்டர் சட்டத்தில் அடைக்கப்பட்டார். பல்கலைக்கழகம் அவரை இடைநீக்கம் செய்தது. செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. அவர் படித்தது இதழியல். படித்ததைச் செய்து பார்த்தார், அவ்வளவுதான். ஒரு காகிதத்துக்காக ஏறக்குறைய இரண்டு மாதம் சிறை. எண்ணெய்க்கும் கல்விக்கும் சம்பந்தமில்லை என்று எழுதிய முதல் வாசகர் இதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 25

ராமநாதபுரச் செய்தியைப் பார்த்திருப்பீர்கள். ஓஎன்ஜிசியின் 20 சோதனைக் கிணறுகளுக்கு மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையம் அனுமதி கொடுத்திருக்கிறது. எதிர்ப்பு எழுந்ததும் அதைத் திரும்பப் பெறச் சொல்லியிருப்பதாக அமைச்சர் தங்கம் தென்னரசு அறிக்கை விட்டிருக்கிறார். அனுமதி தரும்போது மக்களிடம் யாரும் கேட்கவில்லை, கேட்க வேண்டிய கட்டாயமும் இல்லை. 2020 ஜனவரியில் மத்திய அரசு ஆய்வுக் கிணறுகளை மக்கள் கருத்துக்கேட்பிலிருந்து விலக்கிவிட்டது.

இங்கேதான் பள்ளி வேண்டும் என்று நினைக்கிறேன். நெடுவாசலில் பெண்கள் வேம்படியில் உட்கார்ந்து ஹைட்ரோகார்பன் என்றால் என்ன என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்தார்கள். அந்த வேலையை நான் பதினொன்றாம் வகுப்பில் செய்யாமல் வேறு யார் செய்வது? இந்த வருடம் ஹைட்ரோகார்பன் பாடத்தை நடத்தும்போது மீத்தேனின் வாய்பாட்டோடு நிறுத்தவில்லை. நிலக்கரிப் படுகையிலிருந்து அதை எடுக்க ஏன் முதலில் நிலத்தடி நீரை வெளியேற்ற வேண்டும், அந்த நீர் எங்கே போகும் என்பதையும் நடத்தினேன். ஒருவரும் எதிர்க்கவில்லை. பாடத்திட்டத்துக்கு உட்பட்டதுதான்.

ஆகஸ்ட் 30

நேற்று பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம். பெற்றோர் உறுப்பினர்கள் கொண்டுவந்த தீர்மானம் நிறைவேறியது. நிறுவனங்கள் தரும் எந்தப் பொருளும் குழுவின் ஒப்புதலுக்குப் பிறகுதான் வாங்கப்படும். மாணவர் படைப்புகளை விருந்தினருக்காக மாற்றவோ மறைக்கவோ கூடாது. தந்த தொகை எவ்வளவு என்று அறிவிப்புப் பலகையில் எழுத வேண்டும். இரண்டாவது அம்சத்தை முன்மொழிந்தவர் மீன் விற்கும் ஓர் அம்மா. அந்தப் பையன்களில் ஒருவனின் சித்தி.

நிறுவனத்துக்குக் கடிதம் போய்விட்டது. ஆய்வகம் வருமா வராதா என்று தெரிந்ததும் இங்கே எழுதுகிறேன். கடலூர் மாவட்ட ஆசிரியர்கள் யாராவது படித்துக்கொண்டிருந்தால், கனிம அறக்கட்டளைப் பணம் உங்கள் பள்ளிக்கு எந்த வடிவத்தில் வந்தது, யார் முடிவெடுத்தார்கள், கிராம சபையில் கணக்கு வைத்தார்களா என்று எழுதுங்கள். திருவாரூரில் சிலர் மனு தயாரிக்கிறார்கள், அவர்களுக்கு அது தேவைப்படுகிறது.